கண்டுபிடிப்பது சுலபம், அடுத்த மாதம் வரவைப்பதுதான் வேலை

ஏழைக் கிராமங்களில் சர்க்கரை, பிரஷர், வலிப்பு, இதய வால்வு நோய் உள்ளவர்களைப் பார்க்கும் கிளினிக்குகளில் செவிலியராகப் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். இப்போது புது இடங்களில் இதே வேலையைத் தொடங்குகிறவர்களோடு கூடவே இருந்து கற்றுக்கொடுக்கிறேன். அவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, "நோயாளிகளை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்றுதான். அதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம் என்பேன். ஒரு பி.பி. கருவியோடு ஊர் நடுவில் உட்கார்ந்தால் மத்தியானத்துக்குள் ஒரு பக்கம் நிறையப் பெயர்கள் சேர்ந்துவிடும். அந்தப் பெயர்களில் எத்தனை பேர் அடுத்த மாதம் மாத்திரை வாங்க வருவார்கள், அடுத்த வருடமும் வந்துகொண்டிருப்பார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் சுமார் 130 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. அவர்களில் 46 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஆனால் அழுத்தம் கட்டுக்குள் இருப்பது ஐந்து பேரில் ஒருவருக்குத்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நோய் இருப்பது தெரிந்தவர்களிலேயே பாதிக்கு மேல் வழியில் எங்கேயோ நழுவிவிடுகிறார்கள். என் வேலையில் நான் பார்த்த துயரங்களில் பெரும்பாலானவை இப்படி நழுவியவர்களுடையவை. பக்கவாதம் வந்து தூக்கி வரப்படுகிறவரின் பையில் இரண்டு வருடத்துக்கு முந்தைய முகாம் சீட்டு மடித்து வைத்திருக்கும். அதில் அழுத்தம் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அதற்குப் பிறகு எதுவும் எழுதப்பட்டிருக்காது.

அதனால்தான் முகாம் நடத்த வேண்டும் என்று யாராவது சொன்னால், முதலில் மருந்து அறையைப் பார்ப்போம் என்கிறேன். எத்தனை பேருக்கு நோய் இருக்கும் என்று ஓரளவு முன்கூட்டியே கணக்குப் போட முடியும். அத்தனை பேருக்கும் குறைந்தது ஆறு மாதத்துக்கான மாத்திரை அலமாரியில் இருக்க வேண்டும், அதற்கடுத்த கொள்முதலும் உறுதியாகியிருக்க வேண்டும். அப்புறம் முகாம் வைக்கலாம். கையில் மருந்து இல்லாமல் ஒருவரிடம் "உங்களுக்கு பிரஷர் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பினால், பயத்தை மட்டும் கொடுத்து அனுப்புகிறோம்.

அளப்பதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். நடந்து களைத்து வந்தவருக்கு வந்த வேகத்திலேயே பட்டையைச் சுற்றி அளந்தால் எண் கூடுதலாகத்தான் வரும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்து, பேச்சுக் கொடுக்காமல் அளக்க வேண்டும். மெலிந்த கைக்கும் பருத்த கைக்கும் ஒரே பட்டை பொருந்தாது. எண் மிக அதிகமாக இல்லாதவரை, வேறொரு நாளும் அளந்து 140/90க்கு மேல் இருந்தால்தான் நோய் என்று முடிவு செய்கிறோம். வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிடச் சொல்லப் போகிறோம், அதற்கு இவ்வளவு பொறுமையாவது காட்ட வேண்டாமா?

வராதவர்களின் பெட்டி

நான் போகும் இடங்களில் எல்லாம் முதல் வேலையாகச் செய்வது ஒரு மரப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ தேடி எடுப்பது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை. பெயர் வரிசையில் அடுக்க மாட்டோம், அவர் அடுத்து வர வேண்டிய தேதி வரிசையில் அடுக்குவோம். கிளினிக் நாளன்று வந்தவரின் அட்டையை எடுத்து, பார்த்து, மருந்து கொடுத்து, அடுத்த தேதிக்குப் பின்னால் செருகிவிடுகிறோம். சாயங்காலம் அன்றைய தேதியில் மிச்சம் இருக்கும் அட்டைகள் யாருடையவையோ, அவர்கள்தான் வராதவர்கள். தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதே இல்லை. கணினி இருந்தால் அதுவும் இதையே செய்யும். ஆனால் மின்சாரம் போனாலும் இந்தப் பெட்டி வேலை செய்யும்.

மிச்சமிருக்கும் அட்டைகளை அந்த வாரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். போன் இருந்தால் போன், இல்லையென்றால் அந்த ஊர் சுகாதாரப் பணியாளர் நேரில் போவார். போகிறவருக்கு நான் சொல்லும் ஒரே விதி, "ஏன் வரவில்லை?" என்று அதட்டலாகக் கேட்கக் கூடாது. "உங்களைக் காணோமே, உடம்பு எப்படி இருக்கு?" என்று தொடங்க வேண்டும். அப்படிக் கேட்டால்தான் உண்மையான காரணம் வரும்.

அந்தக் காரணங்களை நாங்கள் எழுதி வைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒரு நாள் கூலி போய்விடும் என்பதால் வராதவருக்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. அழுத்தம் கட்டுக்குள் வந்ததும் அவருக்கு மூன்று மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் வேலை முடிந்து வருகிறவர்களுக்காக வாரத்தில் ஒரு சாயங்காலம் கிளினிக் திறக்க வேண்டும். தூரம் காரணம் என்றால் மருந்து ஊருக்குப் போக வேண்டும். போன முறை வந்தபோது மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தால் அது நம்முடைய குறை, அதை ஒப்புக்கொண்டு மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். இந்தக் கடைசிக் காரணத்தைத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். ஒருமுறை வெறுங்கையோடு திரும்பியவர், தான் மட்டும் நிற்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரரையும் "அங்கே போய் என்ன பிரயோஜனம்" என்று நிறுத்திவிடுகிறார்.

பிழைப்புக்காக வெளியூர் போகிறவர்கள் இன்னொரு கூட்டம். போவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போங்கள் என்று எல்லாரிடமும் கேட்டு வைத்தால், கையில் கூடுதல் மாத்திரையும், என்ன மருந்து, எவ்வளவு என்று தெளிவாக எழுதிய சீட்டும் கொடுத்து அனுப்பலாம். இறந்து போனவர்கள் பெயரும் பெட்டியில் இருக்கும். அதையும் தெரிந்துகொண்டு, எப்படி இறந்தார் என்று கேட்டு எழுத வேண்டும். வலிக்கும் வேலைதான். ஆனால் அந்தக் குடும்பத்தில் அதே நோய் உள்ள இன்னொருவர் அப்போதுதான் மனம் விட்டுப் பேசுவார்.

"சிஸ்டர், உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்திரை?" என்று கேட்பவர்களுக்கு நிதானமாகப் பதில் சொல்ல நேரம் ஒதுக்க வேண்டும். நான் அவர்களிடம், "நல்லா இருக்கிறது மாத்திரையால்தான்மா, நிறுத்தினா பழையபடி ஏறிடும், ஏறினது உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லி, அவர்களுடைய அட்டையிலேயே முதல் மாத எண்ணையும் இந்த மாத எண்ணையும் காட்டுவேன். படிக்கத் தெரியாதவர்களுக்கும் தங்கள் எண் மனப்பாடமாக இருக்கிறது. மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்ற பயம் எல்லா இடத்திலும் உண்டு. கட்டுப்படாத அழுத்தமும் சர்க்கரையும்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் முக்கியக் காரணங்கள் என்பதை நாங்கள் சொல்வதைவிட, பல வருடமாக மாத்திரை சாப்பிட்டு நன்றாக இருக்கும் ஒரு பக்கத்து ஊர்க்காரர் சொன்னால் எடுபடுகிறது. அதனால் காத்திருக்கும் இடத்தில் பழைய நோயாளிகளையும் புதியவர்களையும் கலந்து உட்கார வைக்கிறோம்.

கணக்கு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். "இந்த மாதம் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது" என்று ஒரு நிலையம் சொன்னால் அது எனக்குப் போதாது. வந்தவர்கள் மட்டும்தான் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன்னால் பதிவு செய்த அத்தனை பேரையும் எடுத்து, அவர்களில் எத்தனை பேர் இன்று கட்டுக்குள் இருக்கிறார்கள், எத்தனை பேர் கட்டுப்படவில்லை, எத்தனை பேர் வரவே இல்லை, எத்தனை பேர் இறந்துவிட்டார்கள் என்று பிரிக்க வேண்டும். காசநோய்த் திட்டங்கள் பல காலமாகச் செய்துவரும் முறை இது. முதல் தடவை இப்படிக் கணக்கெடுக்கும்போது எண்ணிக்கை சட்டென்று இறங்கும், ஊழியர்களுக்கு மனசு உடைந்து போகும். யாரையும் குறை சொல்லாமல், எந்த ஊர்க்காரர்கள் அதிகம் வரவில்லை என்று அன்றைக்கே சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால் அடுத்த வாரம் எங்கே போக வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

டாக்டருக்காகக் காத்திருக்க வேண்டாம்

டாக்டர் இருந்தால்தான் பிரஷருக்கு மருந்து தொடங்க முடியும் என்று விதி வைத்திருக்கும் இடங்களில் இந்த வேலை பரவவே பரவாது. எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம், ஒரு மாதம் கழித்தும் குறையாவிட்டால் அடுத்து என்ன என்று ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், பயிற்சி பெற்ற செவிலியரே பெரும்பாலான நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள முடியும். உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட 'ஹார்ட்ஸ்' வழிகாட்டித் தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது. ஆளுக்கொரு மருந்து என்று எழுதாமல் எல்லாருக்கும் ஒரே வரிசையில் மருந்து போகும்போது கொள்முதலும் சுலபமாகிறது, மருந்து தீர்ந்து போவதும் குறைகிறது.

இது ஏழைகளுக்கான இரண்டாந்தரச் சிகிச்சை என்று சிலர் நினைக்கிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. சீனாவில் 326 கிராமங்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வில், மேலே மருத்துவர்களின் மேற்பார்வையோடு கிராம வைத்தியப் பணியாளர்களே ஒரு எளிய முறைப்படி மருந்து கொடுத்து, கூடவே இருந்து கவனித்தார்கள். 18 மாதத்தில் அந்தக் கிராமங்களில் 57 சதவீதம் பேருக்கு அழுத்தம் 130/80க்குக் கீழே வந்தது. வழக்கமான சிகிச்சை நடந்த கிராமங்களில் அது சுமார் 20 சதவீதம்தான். வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை மூன்றிலும் கிராமங்களில் நடந்து 2020இல் வெளியான ஆய்விலும், சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் அளந்து, தேவையானவர்களை மருத்துவரிடம் அனுப்பிய ஊர்களில் அழுத்தம் கூடுதலாகக் குறைந்தது.

செவிலியர்களை ஒரு வாரம் நகரத்தில் உட்கார வைத்துப் பாடம் நடத்தி அனுப்பினால் மட்டும் போதாது. அனுபவமுள்ள ஒரு செவிலியர் மாதம் ஒருமுறையாவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து, உண்மையான நோயாளிகளைச் சேர்ந்து பார்க்க வேண்டும். சந்தேகம் என்றால் உடனே பேச ஒரு டாக்டரின் எண் இருக்க வேண்டும். அதோடு, ஒரு நிலையத்தில் ஒருவருக்கு மட்டும் பயிற்சி கொடுக்காதீர்கள். அவருக்கு இடமாற்றம் வந்தால் அன்றோடு கிளினிக் நின்றுவிடும். குறைந்தது இரண்டு பேர்.

குழந்தைகளும் இளையவர்களும்

நாள்பட்ட நோய் என்றாலே வயதானவர்கள், உடல் பருத்தவர்கள் என்ற எண்ணம் இருக்கிறது. மிக ஏழையான ஊர்களில் நான் பார்த்த நோயாளிகளில் பலர் சிறுவர்கள், இளைஞர்கள், கர்ப்பிணிகள். உடம்பில் இன்சுலின் சுரக்காமல் போகும் முதல் வகைச் சர்க்கரை நோய், தொண்டைத் தொற்றிலிருந்து வரும் இதய வால்வு நோய், பிறவியிலேயே ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் மாதிரி வளைந்துபோகும் அரிவாள் செல் சோகை, வலிப்பு. இவர்களில் எத்தனையோ பேர் நோய் என்னவென்று தெரியாமலே இறந்து போகிறார்கள்.

பத்துப் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய அம்மா சுமந்துகொண்டு வந்தது மறக்காது. அதற்கு முன் இரண்டு இடங்களில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து அனுப்பியிருந்தார்கள். குழந்தை மெலிந்துகொண்டே போனாள், ஓயாமல் தண்ணீர் கேட்டாள், படுக்கையை நனைக்கும் வழக்கம் ஒருமுறை நின்றுபோய் மறுபடி திரும்பியிருந்தது. எங்களிடம் வந்தபோது மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருந்தது. விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்ததும் சர்க்கரை அளக்கும் கருவியில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மேல் என்று காட்டியது. நரம்பில் திரவம் ஏற்றி பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினோம், பிழைத்தாள். அன்றிலிருந்து நான் பயிற்சி கொடுக்கும் எல்லா இடத்திலும் ஒரு விதி இருக்கிறது: கடுமையாக உடம்பு சரியில்லாமல் வரும் எந்தக் குழந்தைக்கும், காய்ச்சல் என்று வந்தாலும், சர்க்கரை பார்த்துவிட வேண்டும். ஒரு ஸ்ட்ரிப்பும் ஒரு நிமிடமும்தான் செலவு.

பிழைத்த பிறகுதான் நீண்ட வேலை. இன்சுலினை எங்கே வைப்பது? ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு இன்சுலின் கொடுக்க முடியாது என்று குழந்தைகளை மருத்துவமனையிலேயே வைத்திருந்த இடங்கள் உண்டு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் செய்து 2021இல் வெளியான ஆய்வு எங்களுக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. கென்யாவில் உள்ள அகதி முகாம் வீடுகளில் பதிவான வெப்பத்தை ஆய்வகத்தில் அப்படியே உருவாக்கி, 25 முதல் 37 டிகிரி வரை ஏறி இறங்கும் சூட்டில் இன்சுலினை நான்கு வாரம் வைத்துப் பார்த்தார்கள். வீரியம் குறையவில்லை. அதற்காக வெயிலில் வைக்கலாம் என்று அர்த்தமில்லை. திறக்காத குப்பிகள் நிலையத்தின் ஃப்ரிட்ஜில் 2 முதல் 8 டிகிரியில் இருக்கட்டும். வீட்டுக்கு நான்கு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கொடுத்து, ஈர மணலுக்குள் வைத்த மண்பானையில் நிழலில் வைக்கச் சொல்கிறோம். காற்றில் ஈரம் அதிகமுள்ள இடங்களில் பானை அவ்வளவாகக் குளிராது, அங்கே வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையைத் தேட வேண்டும். உறைந்து போன இன்சுலினைத் தூக்கி எறிய வேண்டும், கரைந்த பிறகும் அது உதவாது.

ஊசிக் குழலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குப்பியில் உள்ள வீரியத்துக்குப் பொருந்தும் குழல்தானா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மில்லிலிட்டருக்கு 100 யூனிட் உள்ள இன்சுலினை மில்லிலிட்டருக்கு 40 யூனிட் என்று கோடு போட்ட குழலில் அதே கோடுவரை எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து போய்விடும். படிக்கத் தெரியாத அம்மாக்களுக்குக் குழலிலேயே அந்தக் கோட்டில் வண்ண நாடா ஒட்டிக் கொடுப்போம்.

இதைவிடக் கஷ்டமான கேள்வி, வீட்டில் சாப்பாடு இல்லாத நாளில் என்ன செய்வது என்பது. இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், நாம்தான் மெதுவாகக் கேட்க வேண்டும். முதல் வகை நோய்க்கு இன்சுலினை முழுக்க நிறுத்தினால் உயிருக்கு ஆபத்து. சாப்பிடாமல் முழு அளவு போட்டாலும் ஆபத்து. அதனால் சாப்பாடு குறைந்த நாளுக்கு எவ்வளவு போட வேண்டும் என்பதை டாக்டரோடு பேசி முன்கூட்டியே தனியாக எழுதிக் கொடுக்கிறோம். நடுக்கம், வியர்வை, குழப்பம் வந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வீட்டில் எல்லாருக்கும், பள்ளியில் ஆசிரியருக்கும் சொல்லித் தருகிறோம். அப்புறம் அந்தக் குடும்பத்துக்கு உணவு உதவியும் பயணச் செலவும் கிடைக்க வழி தேடுகிறோம். இதை ஏதோ கூடுதல் தர்மம் மாதிரி நினைக்கக் கூடாது, இன்சுலின் வேலை செய்ய வேண்டுமென்றால் இதுவும் வேண்டும்.

இதய வால்வு நோயில் விஷயம் வேறு. நோய் முற்றுவதைத் தடுக்க மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சாத்தின் பெனிசிலின் ஊசி, பல வருடங்களுக்குப் போட வேண்டும். உகாண்டாவில் ஆரம்ப நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுவர்களிடம் நடந்த ஆய்வில், இரண்டு வருடத்தில் ஊசி போட்டவர்களில் 0.8 சதவீதம் பேருக்குத்தான் நோய் முற்றியது, போடாதவர்களில் 8.2 சதவீதம். மருந்து பழையது, விலை குறைந்தது. ஆனால் ஊசி கடுமையாக வலிக்கும், அதனாலேயே பிள்ளைகள் வராமல் போகிறார்கள். குப்பியை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அறை வெப்பத்துக்கு வரவிட்டு, குத்தும் இடத்தைச் சிறிது நேரம் விரலால் அழுத்தி, பிள்ளையைப் படுக்க வைத்து மிக மெதுவாகச் செலுத்தினால் வலி நன்றாகக் குறைகிறது. இவ்வளவு சின்ன விஷயம் ஒரு பிள்ளையை அடுத்த மாதமும் வரவைக்கிறது. ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் பக்கத்தில் இல்லாமல் ஊசியைத் தொடக் கூடாது.

வலிப்பில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: மருந்து ஒரு நாளும் தீர்ந்து போகக் கூடாது. திடீரென்று நின்றால் நிற்காத வலிப்பு வந்து உயிரே போகலாம். சரியான மருந்து தொடர்ந்து கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும்.

இந்தக் கடினமான நோய்களை எல்லாம் துணை நிலையங்களில் பார்க்க முடியாது, பெரிய நகர மருத்துவமனைக்கும் மக்களால் போக முடியாது. ருவாண்டாவில் மாவட்ட மருத்துவமனைகளில் செவிலியர்களே நடத்தும் கிளினிக்குகளைத் தொடங்கி இதற்கு ஒரு வழி காட்டினார்கள். அந்த முறைதான் 'பென்-பிளஸ்' என்ற பெயரில் வளர்ந்து, 2022 ஆகஸ்டில் டோகோ நாட்டின் லோமே நகரில் கூடிய ஆப்பிரிக்க நாடுகள் அதை உலக சுகாதார நிறுவனத்தின் அந்தப் பிராந்தியத்துக்கான திட்டமாக ஏற்றுக்கொண்டன. மலாவியின் நேனோ மாவட்டத்தில் எச்.ஐ.வி. நோயாளிகளுக்காக ஏற்கெனவே இருந்த கிளினிக்கிலேயே பிரஷர், சர்க்கரை, வலிப்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினார்கள். எனக்கு இது மிகவும் பிடித்த யோசனை. வாழ்நாள் முழுக்க மருந்து, வராதவர்களைத் தேடுவது, அட்டை, ஆலோசனை எல்லாம் அங்கே பழகிப்போனவை. புதிதாகக் கட்டிடம் கட்டுவதற்கு முன்னால், உங்கள் பக்கத்தில் இப்படி ஏற்கெனவே நடக்கும் சேவை எது என்று பாருங்கள்.

விரிவாக்கம் பற்றி என்னிடம் கேட்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்கிறேன். இருக்கும் நிலையங்களில் பதிவானவர்களில் பாதிப் பேர் வருவதில்லை என்றால் அடுத்த ஊரில் திறப்பதைத் தள்ளிப் போடுங்கள். நிதி கொடுப்பவர்கள் புதுப் பதிவுகளைத்தான் கேட்பார்கள். அவர்களிடம் வராதவர்களின் கணக்கையும் முதல் அறிக்கையிலிருந்தே கொடுத்துப் பழக்கினால், அதைச் சரிசெய்யவும் பணம் கேட்க முடிகிறது.

கடைசியாக, அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிற ஊர்ப் பணியாளர்களைப் பற்றி. அநேகமாகப் பெண்கள், அவர்களும் அதே ஏழ்மையில் இருப்பவர்கள். சேவை மனப்பான்மை என்று சொல்லிச் சம்பளம் இல்லாமலோ, தலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை மட்டும் கொடுத்தோ அவர்களிடம் வேலை வாங்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அவர்கள் வேலைக்குத் தகுந்த ஊதியம் கொடுக்க வேண்டும், ஊக்கத்தொகையை மட்டுமே நம்ப வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலிலேயே சொல்லியிருக்கிறது. தலைக்குக் காசு என்றால் சுலபமாகக் கிடைக்கும் புதுப் பெயர்கள்தான் சேரும், மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வராத நோயாளியைத் தேடிப் போக யாருக்கும் நேரம் இருக்காது. புது இடத்துக்கு வரவுசெலவு போடும்போது அவர்களுடைய மாதச் சம்பளத்தை முதல் வரியில் எழுதச் சொல்கிறேன். மருந்து அதற்கடுத்த வரி, கருவிகள் அப்புறம்.